மெய்நிகர் களப்பயணத்தில் படம் எப்படிச் சுற்றுகிறது, பாடம் எப்படி நிற்கிறது?

மெய்நிகர் களப்பயணம், அதாவது வகுப்பில் இருந்தபடியே 360 டிகிரி படங்கள் வழியாக ஓர் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது, என்றதும் பலர் முதலில் கேட்பது, கண்ணில் மாட்டும் ஹெட்செட் எத்தனை வேண்டும் என்பதைத்தான். அதை அப்புறம் பார்க்கலாம். அந்தப் படம் நம்மைச் சுற்றி எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் எது தேவை, எது தேவையில்லை என்பது தானாக விளங்கிவிடும்.

சாதாரண 360 டிகிரி கேமராவில் முன்னும் பின்னுமாக இரண்டு மீன்கண் லென்ஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும், அந்தக் கூடுதல் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் மென்பொருள் இரண்டையும் ஒட்டுகிறது. (கேமராவுக்கு மிக அருகில் நிற்பவரின் தோள் சில படங்களில் வெட்டுப்பட்டுத் தெரிகிறதே, அது ஒட்டு சரியாக விழாத இடம்.) ஒட்டிய படம், உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலமுள்ள செவ்வகமாகச் சேமிக்கப்படுகிறது. உலக வரைபடத்தில் துருவப் பகுதிகள் இழுபட்டுத் தெரிவதுபோல இதிலும் மேலும் கீழும் இழுபட்டிருக்கும். பார்க்கும்போது மென்பொருள் அதை ஒரு கோளத்தின் உட்புறத்தில் போர்த்தி நம்மை நடுவில் நிறுத்துகிறது. தலையைத் திருப்பினால், ஹெட்செட்டில் உள்ள கைரோஸ்கோப் (திரும்பும் அசைவை அளக்கும் உணரி) அதை உணர்ந்து அந்தத் திசையில் உள்ள பகுதியை மட்டும் காட்டும்.

தலை திரும்புவதற்கும் படம் மாறுவதற்கும் இடையிலான தாமதம் சுமார் 20 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். கேமரா நகர்ந்தபடியே எடுத்த வீடியோவிலும் இதே தொல்லைதான்: கண் நகர்கிறோம் என்கிறது, காதுக்குள் சமநிலையை உணரும் உறுப்பு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு அசையாத படங்களே நல்லது.

சரி, ஹெட்செட் போட்டால் பாடம் நன்றாக ஏறுமா? 2018-ல் பரோங், மேயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், உடலின் செல்களைப் பற்றிய பாடத்தை ஹெட்செட்டில் பார்த்தவர்களுக்கு ஆர்வம் கூடியிருந்தது, ஆனால் அதே பாடத்தை ஸ்லைடுகளில் படித்தவர்கள்தான் தேர்வில் நன்றாக எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி: ஹெட்செட் பாடத்தை இடையிடையே நிறுத்தி, அதுவரை பார்த்ததைச் சுருக்கமாக எழுதச் சொன்னபோது கற்றல் கூடியது. சுற்றிலும் காட்சி நிறைந்திருக்கும்போது மனம் அதிலேயே லயித்துவிடுகிறது, யோசிக்க இடைவெளி கிடைப்பதில்லை.

வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் சுவரில் வரைந்த மிருக ஓவியங்கள் உள்ள பிரான்ஸின் லாஸ்கோ குகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்று ஓவியங்களைக் கெடுத்ததால் 1963-லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள், எனவே மெய்நிகர் உலாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 5 மீட்டருக்கும் நீளமான காளையைக் காட்டி "எவ்வளவு பெரிசு பாருங்க" என்று நகர்ந்துவிட்டால் பிள்ளைகள் வியப்பார்கள், அவ்வளவுதான். ஒரு மிருகத்தின் கோடு இன்னொன்றின் மேல் ஏறி ஓடும் இடத்தில் நிறுத்தி, எதை முதலில் வரைந்திருப்பார்கள், எப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். கோடு எங்கே மறைகிறது, வண்ணம் எதன்மேல் படிந்திருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார்கள், தொல்லியலாளர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

இதற்கு ஒரு புரொஜெக்டர் போதும். மவுஸை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எதற்காக என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். காரணம் சொன்னால்தான் படம் திரும்பும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.