56 வீதம் என்றால் பாதி நுரையீரலா?

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்த அம்மா அறிக்கையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். வாயுப் பரவல் திறன், அதாவது நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன், எதிர்பார்க்கும் அளவில் 56 வீதம் என்றிருந்தது. "மிஸ், நுரையீரலில் பாதி போய்விட்டதா?" என்று கேட்டார். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவருடைய கீழிமையின் வெளிறல், குருதிச்சோகையின் அடையாளம்.

இந்தப் பரிசோதனையில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து 10 செக்கன் அடக்கவேண்டும். இழுக்கும் காற்றில் 0.3 வீதம் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு கலந்திருக்கும். பெயரைக் கேட்டுப் பதறுவார்கள். அந்தச் சிறிய அளவு கெடுதல் செய்யாது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 1915இல் டென்மார்க்கின் உடலியலாளர் மரீ க்ரோ பரவல் திறனை இந்த வாயுவைக் கொண்டே அளந்தார். பிடிக்க ஈமோகுளோபின் போதாவிட்டால், நுரையீரல் நன்றாக இருந்தாலும் எண் இறங்கும்.

அந்த அம்மாவின் ஈமோகுளோபின் 8 மட்டுமே. பெண்களுக்கான திருத்தச் சூத்திரத்தில் போட்டால் 56 ஏறத்தாழ 72 ஆகிறது. அறிக்கையில் அந்தத் திருத்தம் இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவை யாரும் கேட்டிருக்கவே இல்லை.

புகைப்பவர்களின் கதை வேறு. வாசலில் பிளேன்டீயோடு ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு வந்து உட்காருவார்கள். ஈமோகுளோபினில் ஏற்கெனவே ஏறியிருக்கும் காபனோரொட்சைட்டு ஒவ்வொரு வீதத்துக்கும், பரவல் திறன் ஏறத்தாழ ஒரு வீதம் குறையும். அன்று காலை புகைத்ததை மறைக்காதீர்கள். நான் திட்டமாட்டேன், குறித்துக்கொள்வேன்.

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது அறிக்கையின் அடுத்த வரி: பரவல் திறனை, இழுத்த வாயு சென்று கலந்த நுரையீரல் கொள்ளளவால் வகுத்த எண். அது இயல்பாக இருந்தால் "பயமில்லை" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரோக்கியமான ஒருவர் அரைமூச்சு மட்டும் இழுத்தால் இந்த எண் இயல்பைவிட மேலே ஏறும். அப்படியிருக்க, தழும்பேறிச் சுருங்கிய நுரையீரலில் அது 100 வீதமாக இருப்பது நல்ல செய்தியல்ல, ஏறவேண்டியது ஏறவில்லை என்று அர்த்தம். மூச்சை முழுதாக இழுக்காமல் செய்த பரிசோதனையும் இதே குழப்பத்தைத் தரும். அதனால் இழுத்த அளவு, அவருடைய முழுமூச்சுக் கொள்ளளவில் 90 வீதமாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இல்லையென்றால் நான்கு நிமிடம் ஆறவிட்டு மறுபடி செய்விப்பேன்.

ஊதும் பரிசோதனை சரியாக இருந்து பரவல் திறன் மட்டும் குறைந்தால், குருதிச்சோகை என்று முடித்துவிடவும் கூடாது. நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடினாலும், தழும்பேற்றம் தொடங்கும்போதும், நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் அழியும்போதும் இப்படித்தான் வரும்.

அந்த அம்மா வைத்தியர் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசைகளை மூன்று மாதம் குடித்துவிட்டு வந்தார். ஈமோகுளோபின் 11.5. இம்முறை இயந்திரம் காட்டியது 67. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் திருத்திப் பார்த்தேன், அதே 72. ஏறியது ஈமோகுளோபின்தான், நுரையீரல் மாறவில்லை. வைத்தியர் சிடி ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.