சாக்ஸ் தடம் ஒரு காலில் மட்டும் பதிந்திருந்தால்

இரண்டாவது சுழற்சி கீமோவுக்கு வந்த 24 வயது இளைஞர். “ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு டாக்டர், சரியாப் போயிடும்” என்றார். சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். இடது காலில் எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது, வலது காலில் தடமே இல்லை. டாப்ளர் ஸ்கேனில் தொடைவரை ரத்தம் உறைந்திருந்தது.

அவருக்கு இருந்தது விரையில் வரும் ஜெர்ம் செல் (விந்தணுவை உருவாக்கும் செல்) புற்றுநோய். இது பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருகிறது. நன்றாகக் குணமாகிற நோய் இது. அதனாலேயே ரத்தக்கட்டு போன்ற தடுக்கக்கூடிய காரணத்தால் ஒருவரை இழப்பதை ஏற்க முடிவதில்லை. புற்றுநோயே ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும். முதுகெலும்பை ஒட்டிய நிணநீர்க் கட்டிகள் பெரிதாக இருந்தால் பெருஞ்சிரையை அழுத்தும். அப்புறம் வாந்தியால் உடலில் நீர் குறைவது, படுத்தே கிடப்பது.

மருந்து ஏற்ற மார்பிலோ கையிலோ பொருத்தும் குழாய்களான போர்ட், பிக் லைன் இரண்டுமே உறைவுக்கு இடம் கொடுக்கும். கை நரம்பிலேயே மருந்து ஏற்ற முடிகிறவருக்கு அவை வேண்டாம் என்பேன்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் தடுப்பு மருந்து எல்லோருக்கும் இல்லை. ஆனால் யாருக்கு என்பதை முதல் சுழற்சிக்கு முன்பே பேசிவிட வேண்டும். கட்டி பெரிது, எல்டிஹெச் (ரத்தத்தில் பார்க்கும் ஒரு நொதி) அதிகம், முன்பு எப்போதாவது ரத்தம் உறைந்திருக்கிறது என்றால் கீமோ முடியும்வரை தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஈனாக்ஸபாரின் ஊசி போடலாம். வழக்கமான தடுப்பு அளவு 40 மி.கி. சிலருக்கு ஊசிக்குப் பதில் உறைவைத் தடுக்கும் மாத்திரையே போதும். சிறுநீரகம் தளர்ந்தாலோ தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே போனாலோ மறுபடி யோசிப்போம். மூளைக்குப் பரவிய கோரியோகார்சினோமா (ஜெர்ம் செல் புற்றுநோயில் ஒரு வகை) எளிதில் ரத்தம் கசியும். அங்கே இந்த ஊசியே ஆபத்தாகலாம். தானாகவே ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்வது இதற்கு மாற்றல்ல.

மூச்சுத்திணறல் வந்தால் நாங்களேகூடத் தடுமாறுவோம். இன்னொரு கீமோ மருந்தான பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கும் என்பது தெரிந்ததால் பழி உடனே அதன் மேல் விழும். நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்திருக்கலாம் என்பதையும் சிடி ஸ்கேனில் பார்க்க வேண்டும். ஒரு கால் அல்லது கை மட்டும் வீங்குவது, திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது: அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதீர்கள், அன்றே வாருங்கள்.

அந்த இளைஞருக்குச் சிகிச்சை அளவில் ஊசி ஆரம்பித்தோம். கீமோ தேதி தள்ளவில்லை. ஊசியைத் தானே போடக் கற்றுக்கொண்டார். முதல் நாள் மட்டும் கை நடுங்கியது.