கேமியோ: தலைகாட்டல்

தெரிந்த முகம் ஒன்று படத்துக்குள் சட்டென்று வந்து, சில நிமிடம் நின்றுவிட்டுப் போவதுதான் கேமியோ. இத்தாலியச் சொல் கம்மேயோவிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. மூலத்தில் நடிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லிலோ சங்கிலோ புடைப்பாகச் செதுக்கிய உருவம், பெரும்பாலும் பக்கவாட்டு முகம்.

சங்கு என்றதும் ராமநாதபுரம் கடலோரத்துக் கீழக்கரைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் மன்னார் வளைகுடாவில் முக்குளித்து எடுத்து வங்காளத்துக்கு வளையலாகப் போகிற வெண்சங்கு இதற்குத் தோதில்லை. இரண்டு நிற அடுக்கு வேண்டும். நேப்பிள்ஸ் பக்கத்தில் டோரே டெல் கிரேக்கோ என்ற ஊரில் ஹெல்மெட் ஷெல் என்னும் பெரிய சங்கை எடுத்து, மேலடுக்கு வெள்ளையை முகமாகச் செதுக்கி, அடியிலுள்ள பழுப்பைப் பின்னணியாக விடுவார்கள். அந்தப் பழுப்பு இல்லாவிட்டால் முகம் எடுபடாது.

அப்புறம் சின்னச் சொற்சித்திரம், மேடையில் சின்ன வேடம், சினிமா என்று சொல் நகர்ந்தது.

மார்வெல் சூப்பர் ஹீரோ படங்கள் மாதிரி ஒரே உலகத்தில் பல நாயகர்கள் நெருக்கியடிக்கும் படங்களில் கேமியோ இடத்தை மிச்சப்படுத்தும் வழி. 2018இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு திசையில் அனுப்பியது. வில்வீரன் ஹாக்ஐக்கு அதில் வேலையில்லை; வீட்டுக் காவலில் இருக்கிறார் என்று பேச்சோடு பேச்சாக முடித்துவிட்டார்கள். அது சாமர்த்தியம். அடுத்த ஆண்டு 'எண்ட்கேம்' இறுதிச்சடங்குக் காட்சியில், 'அயர்ன் மேன் 3' படத்துச் சிறுவன் ஹார்லி வளர்ந்த பையனாக நிற்பான். யார் இவன் என்று பலரும் விழித்தார்கள். முகம் இருந்தது, பழுப்பு அடுக்கு இல்லை.

தமிழில் என்ன சொல்வது? டைட்டிலில் போடும் 'கௌரவத் தோற்றம்' நடிகருக்குச் செய்யும் மரியாதை. இங்கே வந்து போவது கதாபாத்திரம். 'சிறப்புத் தோற்றம்' பரவாயில்லை, கொஞ்சம் விறைப்பு. நம் பேச்சிலேயே நல்ல சொல் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்தால், "அங்கே தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்போம். அப்படிப் போகிறவர் நாலைந்து பேரோடு சகனில், அதாவது சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டில், உட்கார்ந்து சாப்பிட மாட்டார். உட்கார்ந்துவிட்டால் அது தலைகாட்டல் இல்லை, முழு விருந்து. படத்திலும் அப்படித்தான்: கதையை நகர்த்தும் வேலை கொடுத்துவிட்டால் அது வேடம்.

ஆகவே கேமியோவுக்குத் தலைகாட்டல், சேர்த்தே எழுதலாம். 'விக்ரம்' (2022) படத்தின் கடைசியில் சூர்யா ரோலெக்ஸாகத் தலைகாட்டினார் என்றால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.