‘பிடிக்கலைன்னா எடுத்துடலாம்’: சிலிகான் மூக்கும் விலாவைக் கண்ட பயமும்

மூக்கு நுனியில் பரு என்றுதான் வருகிறார்கள். மூன்று வாரமாகக் களிம்பு தடவியும் ஆறவில்லை என்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தோல் சிவந்து, பளபளத்து, வெங்காயச் சருகாக மெலிந்திருக்கும். அடியில் வெள்ளையாக ஒரு முனை தெரியும். அது பரு இல்லை. மூக்கை எடுப்பாக்கச் சில வருடங்களுக்கு முன் ஆபரேஷனில் உள்ளே வைத்த சிலிகான் துண்டு, வெளியே வர வழி பார்க்கிறது. விசாரித்தால் எல்லாரிடமும் ஒரே பதில்: “பிடிக்கலைன்னா எடுத்துடலாம்னு சொன்னாங்க டாக்டர்.”

எடுத்துவிடலாம்தான், பெரிய வேலை இல்லை. ஆனால் பழைய மூக்கு திரும்பி வராது. சிலிகான் திசுவோடு ஒட்டுவதில்லை; உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்கிறது. கிருமி சிலிகான் மேல் படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரைக்கு அடங்காது, எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பின் உறை சுருங்கும். சுருங்கும்போது நுனியையும் மேலே இழுத்துக்கொண்டு போகும். மூக்கு குட்டையாகி, எதிரில் நிற்பவருக்கு இரண்டு துவாரங்களும் தெரியும். அந்த இறுகிய தோலுக்கு அடியில் மறுபடி மூக்கைக் கட்ட பெரும்பாலும் விலாக் குருத்தெலும்புதான் வேண்டும். எதற்குப் பயந்து முதலில் சிலிகானுக்குப் போனார்களோ, அதே விலா!

சிலிகானே விஷம் என்று சொல்லவில்லை. தோல் தடிமனாக இருந்து, மூக்குத் தண்டில், அதாவது நெற்றியிலிருந்து நுனிக்கு இறங்கும் மேட்டில் மட்டும் நேர்த்துண்டாக வைத்து, நுனியைச் சொந்தக் குருத்தெலும்பால் கட்டுவது கொரியாவில் சாதாரணமாக நடக்கிறது. நுனி வரை வளைந்து இறங்கும் ‘எல்’ வடிவத் துண்டுதான் பெரும்பாலும் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வருவது. மெட்பார் என்ற துளையுள்ள பிளாஸ்டிக் துண்டு வேறு ரகம். அதன் துளைகளுக்குள் திசு வளர்ந்துவிடும். எடுக்கும்போது நல்ல திசுவும் கிழிந்து வரும்.

சொந்தக் குருத்தெலும்பு என்றால் முதலில் பார்ப்பது மூக்கின் நடுச்சுவர். நேரானது, உறுதியானது, அதே மூக்குக்குள்ளேயே கிடைக்கிறது. ஆனால் மேலேயும் முன்னேயும் குறைந்தது 1 செ.மீ. அகலத்துக்கு விட்டுவைத்துத்தான் எடுக்க வேண்டும். பேராசைப்பட்டு அதிலும் கைவைத்தால் தண்டு உள்வாங்கிச் சேணம் போலக் குழிந்துவிடும். முன்பே நடுச்சுவர் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அங்கே மிச்சம் அதிகம் இருக்காது.

அடுத்தது காது மடலின் உட்கிண்ணம். இயல்பிலேயே வளைந்தது, நுனிக்கும் மூக்கின் பக்கச் சிறகுக்கும் பொருத்தம், தண்டைத் தாங்கும் தூணாக நிற்காது. எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தித் தைக்காவிட்டால் ரத்தம் கட்டிக் காது தடித்துவிடும்.

தண்டு முழுக்க அமுங்கியிருந்தால் விலாதான். “நெஞ்சுக்கூடு வீக்காயிடுமா?” ஆகாது. 6 அல்லது 7ஆவது விலாவின் முன்பகுதியிலிருந்து 3–4 செ.மீ. குருத்தெலும்புதான் எடுக்கிறோம். பயப்பட வேண்டியது மூன்று விஷயங்களுக்கு. நுரையீரல் உறை கிழிவது: காயத்தில் சலைன் ஊற்றி, மயக்க மருத்துவரை நுரையீரலை ஊதச் சொல்லி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் தையல் போடக் கூடாது. நெஞ்சில் கெலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு: நம் தோலுக்கு இது நிஜமான ஆபத்து, முன்பு வந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூன்றாவது, செதுக்கிய துண்டு நாளடைவில் வளைவது. துண்டின் நடுப்பகுதியைச் சமச்சீராகச் செதுக்கினால் வளைவு குறையும் என்று கிப்சன், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1958இலேயே எழுதிவிட்டார்கள். செதுக்கியதைச் சலைனில் அரை மணி நேரமாவது போட்டு, வளைந்தால் திருத்திவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். அவசரக்காரர்களின் மூக்கு ஆறு மாதத்தில் கோணுவது இதனால்தான். வயதானவர்களுக்கு விலாவில் சுண்ணாம்பு ஏறியிருக்கும். கத்தி பட்டால் நொறுங்கும்.

வளைவுக்குப் பயந்தால் இன்னொரு வழி உண்டு. குருத்தெலும்பை 1 மி.மீ.க்கும் குறைவாகப் பொடிப்பொடியாக நறுக்கி, காதுக்கு மேல் முடிக்குள் எடுத்த மெல்லிய தசையுறையில் சுற்றி, தண்டில் வைப்பது. முன்பு சர்ஜிசெல் என்ற, ரத்தத்தை நிறுத்தும் கரையும் துணியில் சுற்றியவை கரைந்துபோனதால்தான் தசையுறைக்கு வந்தோம். தண்டை இது அழகாக நிரப்பும். நுனியைத் தாங்காது.

துவாரங்களுக்கு நடுவே வெளியில் கீறும் திறந்த முறையா, உள்ளேயே கீறும் மூடிய முறையா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். திறந்த முறையில் விழும் அந்தச் சின்னத் தழும்பு ஒரு வருடத்தில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். மறுசீரமைப்பில் துண்டுகளைக் கண்ணால் பார்த்துத் தைக்கத் திறந்துதான் ஆக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே என்ன வைக்கிறீர்கள், எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது.

சிகரெட்டை நாலு வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரைக் கேளுங்கள். கட்டு பிரித்த பின்னும் ஆறு வாரம் கண்ணாடி மூக்கில் உட்காரக் கூடாது; மூக்கைச் சிந்துவது இரண்டு வாரத்துக்குக் கூடாது. நுனி வீக்கம் வடிய ஒரு வருடம் ஆகும், மூன்றாம் மாதமே செல்ஃபியைக் காட்டிச் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் ஆபரேஷனான முதல் சில நாட்களில் இரண்டு பக்கமும் அடைத்து, வலி கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே வாருங்கள். நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழுகிவிடும்.

ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய ஆபரேஷன் குறிப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிலிகானா, மெட்பாரா என்பது தெரியாமல் மூக்கைத் திறந்தால், எதை எப்படிப் பிரித்தெடுப்பது என்பது உள்ளே போன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.