படம் முடிந்த பிறகு 90 நிமிடம்

“சினிமாதானே, இதுக்குப் போய் அழுவாங்களா?” என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பார். அழுதவரோ தூசி விழுந்ததுபோலக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இந்தக் கூச்சத்தால் கேட்கப்படாமலே போகும் கேள்விகள் உண்டு. படம் பார்த்து அழுவது பலவீனமா? அழுதால் மனசு லேசாகுமா? முன்பெல்லாம் எதற்கும் கலங்காத அப்பா இப்போது டிவி விளம்பரத்துக்கே தேம்புகிறாரே, ஏன்? மூன்றாவதுதான் இவற்றில் முக்கியமானது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஆய்வுக்கூடத்தில் சோகத்தை வரவழைக்க உளவியலாளர்கள் நெடுங்காலமாகப் போட்டுக்காட்டும் ஒரு காட்சி இருக்கிறது. 1979-ல் வந்த ‘தி சாம்ப்’ படத்தின் இறுதிப் பகுதி அது. குத்துச்சண்டை வீரரான அப்பா போட்டி முடிந்த கையோடு இறந்துவிடுகிறார். சின்னப் பையன் அவரை எழுப்பிக்கொண்டே இருக்கிறான். மூன்று நிமிடம்கூட ஓடாது. ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 250-க்கு மேற்பட்ட படங்களை அலசி, தேர்ந்தெடுத்த துண்டுகளை 494 பேருக்குக் காட்டி, 1995-ல் உணர்ச்சிகளைக் கிளப்பும் காட்சிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். சோகத்துக்கு அவர்கள் எடுத்தவற்றில் இதுவும் ஒன்று. காட்சி சிறியதாக இருக்க வேண்டும், முன்கதை சொல்லாமலே புரிய வேண்டும், ஒரே ஓர் உணர்ச்சியை மட்டும் கிளப்ப வேண்டும் என்பவை அவர்களுடைய அளவுகோல்கள். கடைசி நிபந்தனைதான் கடினம். திரையில் வரும் சாவுகளில் பெரும்பாலானவற்றில் வில்லன்மேல் கோபமும் அடுத்து என்ன ஆகுமோ என்ற பயமும் கலந்துவிடும். இங்கே கோபப்பட ஆளே இல்லை. நமக்குத் தெரிந்துவிட்ட ஒன்றை அந்தப் பையன் ஏற்க மறுக்கிறான், அவ்வளவுதான். நம்மை அழவைப்பது அந்தக் கையாலாகாத நிலை.

விபத்துக் காட்சியில் வராத கண்ணீர், அதற்குப் பிறகு யாரோ ஒருவர் தோளில் கை வைக்கும்போது பொலபொலவென்று கொட்டுவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. பதற்றத்தில் இதயம் வேகமெடுக்கிறது, தசை இறுகுகிறது. கண்ணீர்ச் சுரப்பிக்குக் கட்டளை தருவதோ, உடலைத் தணிக்கும் பாராசிம்பதெடிக் நரம்பு. இறுக்கம் தளரும் நொடியில்தான் பலருக்கும் கண் நிறைகிறது. பிரிந்தவர் சேரும் காட்சிக்கு அழுவதும் இதே கணக்கு. ஒவ்வொரு கண்ணின் உள்முனையிலும் இரண்டு நுண்துளைகள் உள்ளன. கண்ணீர் அவற்றின் வழியே மூக்குக்குள் வடியும். அதனால்தான் அழும் முன்பே மூக்கை உறிஞ்சத் தொடங்குகிறோம். வடிகால் தாங்காதபோதுதான் கன்னத்தில் வழிகிறது.

‘அழுதால் நச்செல்லாம் வெளியேறும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். ஒரு காட்சிக்கு வரும் கண்ணீர் ஒரு டீஸ்பூனைக்கூட நிரப்பாது. நச்சை வெளியேற்றச் சிறுநீரகம் இருக்கிறது, அது தினமும் ஒரு லிட்டருக்கு மேல் வேலை பார்க்கிறது.

மனசு லேசாகுமா என்றால், ஆகும், ஆனால் உடனே இல்லை. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்கர்ஹுட்ஸ் குழுவினர் 60 பேருக்கு ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’, ‘ஹாச்சி’ ஆகிய படங்களில் ஒன்றைப் போட்டுக்காட்டினார்கள். 28 பேர் அழுதார்கள். 2015-ல் வந்த முடிவு இது: படம் முடிந்ததும் அழுதவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது, 20 நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது, 90 நிமிடத்துக்குப் பிறகு படம் பார்க்கும் முன் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அழாதவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. எனவே அழவைக்கும் படத்தை இரவு பன்னிரண்டு மணிக்கு முடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தால், மோசமான அந்த முதல் 20 நிமிடத்தோடுதான் படுக்கப் போவீர்கள். படுக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு, பகலில், துணையோடு பார்ப்பது நல்லது.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம். தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் தியேட்டர் குழாய்த் தண்ணீரில் அதைக் கழுவிவிடக் கூடாது, கிருமித்தொற்று வரும். இன்னொன்று: திரையை வெறித்துப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்து, கண் உலர்ந்து, அந்த எரிச்சலிலும் நீர் கொட்டும். நகைச்சுவைக் காட்சிக்கும் கண்ணில் நீர் வடிந்தால் உணர்ச்சியைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரே கண்ணில் மட்டும் ஓயாமல் வடிந்தால் அது பெரும்பாலும் கண்ணின் கோளாறு, வடிகால் அடைப்பாகவும் இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ‘கார்ட்டூன்தானே’ என்ற நினைப்பு தப்பு. 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், குழந்தைகளுக்கான 45 அனிமேஷன் படங்களில் மூன்றில் இரண்டு பங்கில் முக்கியப் பாத்திரம் ஒன்று இறந்திருந்தது. பெரியவர்களுக்கான படங்களில் சரிபாதியில்தான் அப்படி. இப்போது தணிக்கைச் சான்றில் யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்துப் போடுகிறார்கள். அதைப் பார்க்கலாம், ஆனால் தாய் சாகும் காட்சி உங்கள் பிள்ளையை எப்படித் தாக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. செத்தவர் திரும்ப வரமாட்டார் என்பது ஐந்து வயதுக்குக் கீழ் பெரும்பாலும் பிடிபடாது. “அம்மா, நீயும் செத்துப்போயிடுவியா?” என்று கேட்டால் “சும்மா நடிப்புடா” என்று மட்டும் சொல்லி நகராதீர்கள். “பயமா இருந்துச்சா? அம்மா உன்கூடத்தான் இருக்கேன்” என்று முதலில் சொல்லுங்கள், நடிப்புப் பேச்செல்லாம் பிறகு. பிள்ளை தேம்புவதைப் படமெடுத்து ரீல்ஸ் போடுவதும், “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்பதும் ஒரே மாதிரியான தவறுகள். இரண்டிலும் அந்தக் குழந்தைக்குத் தேவையான ஆள் அங்கே இல்லை.

அழுகையே வராதவர்களும் இருக்கிறார்கள். இயல்பே அப்படியென்றால் குறை ஒன்றும் இல்லை. முன்பு வந்தது, இப்போது எதற்கும் வரவில்லை, எதுவும் உறைக்கவில்லை என்றால் கவனியுங்கள். மனச்சோர்வு மரத்துப்போன தன்மையாகவும் வரும். சிலருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையே இப்படிச் செய்யும். மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபக்கம், பார்த்த படம் ஒரு சாக்காகி, அழுகையோ சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால் காரணம் படம் அல்ல. உதவி கேளுங்கள்: 14416, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலும் பேசலாம்.

இனி அந்த அப்பா. பக்கவாதம், தலைக்காயம், பார்க்கின்சன் போன்றவற்றுக்குப் பிறகு மூளையில் அழுகையைக் கட்டுப்படுத்தும் பாதை பழுதாவதுண்டு. அற்ப விஷயத்துக்குச் சட்டென்று தேம்பல் பொங்கும், நிறுத்த முடியாது, சில நிமிடத்தில் தானாக அடங்கும். கேட்டால் “மனசுல ஒண்ணும் இல்லப்பா, தானா வருது” என்பார். சிலருக்குச் சோகமான இடத்தில் சிரிப்பு வரும். இதை வயசுக்கோளாறு என்றோ மனச்சோர்வு என்றோ வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால் இதற்கென்றே மருந்து இருக்கிறது. எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது மனசு எப்படி இருந்தது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். அவர் சம்மதித்தால் ஒரு சிறு வீடியோவும் மருத்துவருக்கு உதவும். அதுவரை, அழுகை வரும்போது சுற்றி நின்று “ஏன், என்னாச்சு?” என்று துருவாமல், உட்கார்ந்த நிலையை மாற்றச் சொல்லி, மெதுவாக மூச்சுவிட வைத்து, பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடருங்கள்.