பேன் போன்ற ஒட்டுண்ணி எப்போது வேறு விலங்குக்குத் தாவும்?

கொறிவிலங்குகளில் வாழும் ஒட்டுண்ணி புதிய ஓம்புயிருக்கு, அதாவது தான் ஒட்டி வாழும் விலங்குக்கு, மாற இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். அந்த விலங்கை எட்ட வாய்ப்பு அமைய வேண்டும். எட்டிய பின் அதன் உடலில் தங்கிப் பெருகவும் முடிய வேண்டும்.

வட அமெரிக்காவில் மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் கொறிவிலங்கான கோஃபர்களிடம் இரண்டுமே கடினம். ஒவ்வொரு கோஃபரும் தனி வளையில் வாழ்கிறது. இனச்சேர்க்கை, குட்டி வளர்ப்பு தவிர மற்றொன்றைத் தொடுவது அரிது. அதன் பேனுக்கு இறக்கை இல்லை. முட்டை முதல் சாவு வரை அதே உடல்தான். தலையிலுள்ள பள்ளத்தில் மயிரைப் பொருத்தித்தான் அது பிடித்துக்கொள்கிறது. மயிர் தடித்திருந்தால் பள்ளத்துக்குள் போகாது, மெலிந்திருந்தால் பிடி நழுவும். அதனால் மயிர் தடிமன் ஒத்த நெருங்கிய உறவினங்களில்தான் அது பிழைக்க வாய்ப்பு அதிகம்.

1994இல் ஹாஃப்னர் குழுவினர் கோஃபர்கள், பேன்கள் இரண்டிலும் ஒரே மரபணுவின் 379 டிஎன்ஏ எழுத்துகளை ஒப்பிட்டனர். இரு வம்ச மரங்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின. புரதத்தை மாற்றாத இடங்களில் பேனின் டிஎன்ஏ சுமார் 10 மடங்கு வேகமாக மாறியிருந்தது. பேனின் தலைமுறை மிகக் குறுகியது என்பது இதற்கு ஒரு விளக்கம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மரங்கள் ஒத்திருப்பதாலேயே கோஃபரும் பேனும் ஒரே காலத்தில் புதிய இனங்களாகப் பிரிந்தன என்று சொல்லிவிட முடியாது. நெருங்கிய உறவினத்துக்கே அடுத்தடுத்துத் தாவினாலும் அதே வடிவம் வரும். எனவே கிளை பிரிந்த காலத்தையும் கணிக்க வேண்டும். ஓம்புயிர்கள் பிரிந்து வெகுகாலம் கழித்தே பேன்கள் பிரிந்திருந்தால், நடந்தது தாவல்.

தெள்ளுப்பூச்சி வழியே பரவும் ஒட்டுண்ணிக்கு முதல் தடை மிகத் தாழ்வு. 1899இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவுக்குக் கப்பலில் கருப்பு எலிகள் வந்தன. சில ஆண்டுகளில் அங்கு மட்டுமே வாழ்ந்த மக்லியர் எலி அழிந்தது. அருங்காட்சியகத் தோல்களின் டிஎன்ஏவை 2008இல் ஆராய்ந்தபோது, கருப்பு எலிகள் வந்தபின் பிடிபட்ட சிலவற்றில் டிரிபனோசோமா என்ற இரத்த ஒட்டுண்ணி இருந்தது. முன்பு பிடிபட்டவற்றில் இல்லை. எலி உடலை நக்கும்போது தெள்ளுப்பூச்சியையோ அதன் கழிவையோ விழுங்கினாலே தொற்றிவிடும்.

இரண்டாம் தடையும் நிலையானதல்ல. நிப்போஸ்ட்ராங்கிலஸ் எலிகளின் குடற்புழு. இளம்புழு தோலைத் துளைத்து நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியே விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. சுண்டெலியில் முதலில் சில புழுக்களே முதிரும். அவற்றின் முட்டையில் வந்த இளம்புழுக்களைச் சுண்டெலிகளுக்கே மீண்டும் மீண்டும் ஏற்றி, சுண்டெலிக்குப் பழகிய வகையை ஆய்வகங்களில் உருவாக்கியிருக்கிறார்கள்.