பெட்டியில் 15 மணி நேரம், கையில் 6: லேசான லேப்டாப் வாங்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ லேப்டாப் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்வி: வெயிட் கம்மியா இருக்குமா, சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்? சரியான கேள்விகள்தான். குழித்துறையிலும் இரணியலிலும் காலை ரயிலேறித் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவர்களுக்கும், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து பஸ் மாறிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கும் தோளில் ஏறும் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குத்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் அறிவித்த நாளில் காலையில் போகும் கரண்ட் பிற்பகலில்தான் வரும். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகப் பெட்டியில் அச்சிட்ட மணிக்கணக்கைத்தான் பல கடைகளில் வாசித்துக் காட்டுகிறார்கள். அதை நம்பி அறுபதாயிரம், எழுபதாயிரம் கட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து "பேட்டரி ஃபால்ட்" என்று சர்வீஸுக்குக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் பேட்டரியில் ஃபால்ட் ஒன்றும் இருக்காது.

அந்த மணிக்கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பெரும்பாலும் டிஸ்க்கில் உள்ள ஒரு வீடியோவை, திரை வெளிச்சத்தை 150 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் வைத்து, பேட்டரி தீரும்வரை திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள். வீடியோவை விரிப்பதற்கென்றே சிப்பில் தனிச் சர்க்யூட் இருப்பதால் பிராசசருக்கு அந்த நேரத்தில் வேலை மிகக் குறைவு. நம்முடைய நாள் அப்படி ஓடுவதில்லை. குரோமில் இருபது டேப், வாட்ஸ்அப் வெப், ஒரு எக்செல், நடுவில் ஒரு மணி நேரம் கூகுள் மீட். ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளிச்சத்தை முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டும். அதே மெஷின் பாதி நேரம்கூட நிற்காது.

ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பிடியுங்கள். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை வாட் அவர்; உங்கள் வேலைக்கு அந்த மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது. முதலாவது வண்டியின் டேங்க் என்றால் இரண்டாவது மைலேஜ். 14 அங்குல லேப்டாப் ஒன்று டைப்பிங், பிரவுசிங் போன்ற வேலைக்கு ஐந்திலிருந்து எட்டு வாட் வரை இழுக்கும். வீடியோ கால் வந்துவிட்டால் பத்து முதல் பதினைந்து வாட். 50 வாட் அவர் பேட்டரியை 6 வாட்டால் வகுத்தால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 12 வாட்டால் வகுத்தால் நான்கு மணி நேரம்தான். 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரின் பேட்டரி 49.9 வாட் அவர். அதே அளவு பேட்டரியோடு அதைவிடச் சீக்கிரம் சார்ஜ் இறங்கும் விண்டோஸ் லேப்டாப்கள் ஏராளம். டேங்க் ஒன்றாக இருந்தாலும் இழுப்பு வேறு.

எம்ஏஎச் கணக்கை வைத்து இரண்டு லேப்டாப்களை ஒப்பிடாதீர்கள். இரண்டு செல் பேட்டரி ஏறக்குறைய 7.7 வோல்ட், மூன்று செல் பேட்டரி 11.5 வோல்ட் சொச்சம். 4,500 எம்ஏஎச் என்று இரண்டிலும் போட்டிருந்தாலும் ஒன்று 35 வாட் அவர்கூட வராது, இன்னொன்று 52. பேட்டரி லேபிளிலும் கம்பெனியின் இணையப் பக்கத்திலும் வாட் அவர் தெளிவாக இருக்கும். 40-க்குக் கீழே இருந்தால், அதை நாள் முழுக்க வெளியே வைத்து வேலை செய்யும் மெஷினாக எண்ணி வாங்க வேண்டாம்.

கடையில் இருபது நிமிடம்

டெமோ பீஸ் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். சார்ஜரைக் கழற்றச் சொல்லுங்கள். சார்ஜ் 90-க்கும் 50-க்கும் இடையில் இருக்கும்போது சோதிப்பது நல்லது. நூறில் தொடங்கினால் எண் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று ஏமாற்றும். வாசல் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்து, எழுத்து சிரமமில்லாமல் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றுங்கள். ஸ்லைடர் ஐம்பது சதவீதம் என்பது எல்லா மெஷினிலும் ஒன்றல்ல. 250 நிட்ஸ் திரையின் பாதியும் 400 நிட்ஸ் திரையின் பாதியும் வேறு, அதனால் கண்ணுக்கு ஒத்த வெளிச்சத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, ஐந்தாறு டேப் திறந்து, ஒரு யூடியூப் வீடியோவும் ஓட விட்டு, இருபது நிமிடத்தில் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள்.

50 வாட் அவர் பேட்டரியில் 5 சதவீதம் இறங்கினால் செலவானது 2.5 வாட் அவர். இருபது நிமிடம் என்பது மூன்றில் ஒரு பங்கு மணி. ஆக மெஷின் இழுப்பது 7.5 வாட். ஐம்பதை ஏழரையால் வகுத்தால் ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இதுதான் உங்கள் கைக்கு வரப்போகும் உண்மையான நேரம். இரண்டு வருடம் கழிந்து பேட்டரி 80 சதவீதத்துக்கு வந்தால் இதுவே ஐந்தேகால் மணி நேரம் ஆகும். அந்த எண்ணும் உங்களுக்குப் போதுமா என்று இப்போதே பாருங்கள்.

கூடவே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடிக் கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி (பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி) என்று அடித்து, ஓர் இடம் விட்டு, வலப்பக்கம் சாயும் கோடு ஒன்று போட்டு, இடைவெளி இல்லாமல் பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் ஒரு கோப்பு உருவாகும். அது எங்கே இருக்கிறது என்று திரையே சொல்லும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என இரண்டு வரி இருக்கும். 50,000-க்கு 41,000 என்றால் பேட்டரி 82 சதவீதத்தில் நிற்கிறது. டெமோ பீஸ் எப்போதும் சார்ஜரிலேயே கிடப்பதால் அதில் இப்படிக் குறைந்திருப்பது இயல்பு; சோதனைக் கணக்கைப் போடும்போது இரண்டாவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும். புதுப் பெட்டி உடைத்த மெஷினில் இது 95-க்குக் கீழே இருந்தால் பில் போடும் முன்பே மாற்றித் தரக் கேளுங்கள். பெட்டி மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஒன்றரை வருடம் குடோனில் கிடந்த ஸ்டாக்கைத் தள்ளுபடி என்று தந்தால் இந்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகவும் கூடாது: அவற்றில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

எழுத்தையும் எண்ணையும் படித்தல்

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் யூ என்றால் மின்சாரம் குறைவாக இழுப்பது, எச் என்றால் அதிக வேகத்துக்கானது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசை பேட்டரிக்கு மிக நல்லது, ஆனால் அதில் ராம் பிராசசரோடு சேர்ந்தே வருகிறது. பின்னால் கூட்ட முடியாது. ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள். 7520யூ என்பதில் உள்ள 2, ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பைக் குறிக்கிறது. ஆரம்பத்தில் உள்ள 7-ஐப் பார்த்துப் புதிதென்று எண்ணி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இன்டெலின் என்100 சிப் போட்ட விலை மலிவான மெஷின்கள் டைப்பிங்குக்குப் போதும். மீட்டும் எக்செலும் சேர்ந்து ஓட வேண்டும் என்றால் திணறும்.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட லேப்டாப்கள் சார்ஜ் நிற்பதில் உண்மையிலேயே சிறந்தவை, மூடி வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காது. ஆனால் அவை ஏஆர்எம் வகை, இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறானது. சாதாரண விண்டோஸ் மென்பொருளைப் பெரும்பாலும் மொழிமாற்றி ஓட்டிவிடும். பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருளான டிரைவரை அப்படி ஓட்டாது. பழைய பிரிண்டர், ஜிஎஸ்டி வேலைக்கான டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், கல்லூரி லேப் கருவிகள் ஆகியவற்றுக்கு ஏஆர்எம் டிரைவர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் வாங்காதீர்கள். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளில் வேலை பார்க்கும் டிடிபி சென்டர்காரர்கள் தங்கள் மென்பொருளைக் கடையிலேயே ஏற்றி, நான்கு வரி அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

ராம் 16 ஜிபி வாங்குங்கள். மெலிந்த லேப்டாப்களில் அது போர்டோடு பற்றவைத்து வருவதால் இன்று எடுக்கும் முடிவுதான் கடைசி முடிவு. திரை 300 நிட்ஸுக்குக் குறைய வேண்டாம். நிற அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். ஓஎல்இடி திரை படம் பார்க்க அழகு, ஆனால் வெள்ளைப் பக்கத்தில் டைப் செய்துகொண்டே இருப்பவர்களுக்கு அது சார்ஜைக் கூடுதலாகத் தின்னும். 120 ஹெர்ட்ஸ் திரையானால் பேட்டரியில் இருக்கும்போது 60-க்கு இறக்கி வையுங்கள்.

மூடி வைத்தால் எங்கே போகிறது சார்ஜ்?

வரும் புகார்களில் கணிசமானது இது: இரவு 80 சதவீதத்தில் மூடி வைத்தேன், காலையில் 55. இன்றைய விண்டோஸ் லேப்டாப்களில் மூடினால் வருவது முன்பிருந்த ஆழ்ந்த தூக்கம் அன்று. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற இந்த முறையில் போனைப் போலவே உள்ளே விழித்திருந்து மெயில், அப்டேட் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு டிரைவர் சரியில்லை என்றால் பைக்குள்ளேயே சூடாகி, திருவனந்தபுரம் போய்ச் சேருவதற்குள் சார்ஜும் தீர்ந்துவிடும். இரவு முழுக்க மூடி வைத்து மூன்று, நான்கு சதவீதம் இறங்கினால் குறையில்லை. பதினைந்தைத் தாண்டினால் முதலில் பயாஸையும் (மெஷின் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) டிரைவர்களையும் அப்டேட் செய்யுங்கள். அதிலும் அடங்கவில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பேட்டரியில் இருக்கும்போது மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி மாற்றுங்கள். திறக்கப் பத்து, பதினைந்து நொடி கூடும், அவ்வளவுதான்.

எடை, கீல், சார்ஜர்

எடையை அடாப்டரோடு சேர்த்துப் பாருங்கள். 1.3 கிலோ மெஷினுக்கு 350 கிராம் அடாப்டரும் வயரும் தந்தால் நீங்கள் சுமப்பது 1.65 கிலோ. டைப்-சி வழியே சார்ஜ் ஆகும் மெஷினாக இருந்தால் சின்ன கேன் (காலியம் நைட்ரைடு) சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும். 65 வாட் என்றால் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று சார்ஜர் மேல் எழுதியிருக்க வேண்டும். கேபிளும் 5 ஆம்பியர் கேபிளாக வேண்டும். 3 ஆம்பியர் கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட் அவர். இழப்புப் போக லேப்டாப்புக்குக் கிடைப்பது 55 முதல் 60. அதுவும் 20 வோல்ட் தரும் பவர் பேங்காக இருந்தால்தான்.

லேசாக்குவதற்காக எங்கே பொருளைக் குறைத்தார்கள் என்பது திரையை உடலோடு இணைக்கும் கீலில் தெரியும். விலை குறைந்த மாடல்களில் கீலின் ஸ்குரூ, பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை நட்டில் ஏறுகிறது. கீல் இறுக்கமாக இருந்து, திரையை ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால், அந்த நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். முதலில் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல், பிறகு திறக்கும்போது டக்கென்று ஒரு சத்தம், அதன்பின் மூடியே பிளந்து நிற்கும். உடைந்த பிளாஸ்டிக் பேனலை மாற்றாமல் இதற்கு நிலையான தீர்வில்லை. ஆகவே கடையில் ஒரு விரலால் நடுவிலிருந்து திறந்து பாருங்கள். அடிப்பாகம் மேசையை விட்டு எழுந்தால் கீல் அதிக இறுக்கம். கீபோர்டின் நடுவில் அழுத்தினால் குழியக் கூடாது.

நம் ஊர்க் காற்றும் இடியும்

குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களின் மெஷினைத் திறந்தால் டைப்-சி துவாரத்திலும் ஃபேன் பக்கத்துச் ஸ்குரூக்களிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். உப்புக் காற்றை ஃபேன்தான் உள்ளே இழுக்கிறது. மேக்புக் ஏர் போல ஃபேனே இல்லாத மெஷின் கடலோரத்துக்கு நல்ல தேர்வு. நீண்ட நேரம் கடுமையான வேலை கொடுத்தால் வேகம் குறையும் என்பது அதன் விலை. மற்றவர்கள் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து வேலை செய்வதைத் தவிர்த்து, வருடத்துக்கு ஒருமுறை உட்புறத்தைச் சுத்தம் செய்து வாங்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது; நனைந்த குடையும் லேப்டாப்பும் ஒரே பைக்குள் போகக் கூடாது.

கோடை மழையில் இடி தொடங்கிவிட்டால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும்தான். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொடும்போது விரலில் சுரீரென்று இருந்தால் சாக்கெட்டில் எர்த் சரியில்லை அல்லது இரண்டு பின் அடாப்டர் என்று பொருள். எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கரண்ட் இல்லாதபோது லேப்டாப் நின்றாலும் ஃபைபர் மோடம் நின்றுவிடுமே என்பதையும் யோசியுங்கள். 12 வோல்ட் மோடத்துக்கான மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அன்றைய நாள் கெடாது.

மேசையில் எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு 80 சதவீத வரம்பு போடுங்கள். லெனோவோ வான்டேஜில் கன்சர்வேஷன் மோட், மைஆசூஸில் பேட்டரி கேர், டெல், எச்பியில் பயாஸுக்குள் என்று பெயரும் இடமும் மாறும், வேலை ஒன்றுதான். நூறு சதவீதத்தில் சூட்டோடு நிற்பதுதான் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குகிறது. பேட்டரிக்கு வாரன்டி பல மாடல்களில் ஒரு வருடம் மட்டுமே. லேப்டாப்புக்கு மூன்று வருடம் என்று சொன்னால் பேட்டரிக்கும் சேர்த்தா என்று தனியே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மாற்றுப் பேட்டரி வாங்கும்போது லேபிளில் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பாருங்கள். பதிவில்லாததைப் போட வேண்டாம்.

டச்பேட் அழுத்த மறுத்தாலோ, ஒரு பக்கம் மேலெழுந்தாலோ, லேப்டாப்பைச் சமதளத்தில் வைத்தால் ஆடினாலோ, அடியில் பேட்டரி உப்புகிறது. அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். தட்டி அமுக்கவோ, ஊசியால் குத்தவோ, கனமான பொருளை மேலே வைத்து மூடவோ கூடாது; உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் திரவம். அணைத்து, வெயில் படாத இடத்தில், துணி, பேப்பருக்குப் பக்கத்தில் இல்லாமல் வைத்து, சர்வீஸ் சென்டரில் கழற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய பேட்டரியை பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரரிடமோ குப்பையிலோ போடாமல் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.